கூலிங்காரர் வீட்டு இன்சுலின்

தெருவில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் முதல் போன் கூலிங்காரருக்குத்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கெடக்கூடாத எதையும் நல்ல குளிரில் வைத்துவிட்டால் போதும் என்பது அவருடைய கட்சி. அதில் அவரை யாரும் அசைக்க முடியாது.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி முற்றி, மாத்திரை பத்தாமல் இன்சுலின் வரைக்கும் போனபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாமல் வேலையில் இறங்கினார். காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டைக் கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் வைத்தார். சர்க்கரை பார்க்கிற மெஷின், ஈரம் படாமல் இறுக மூடிய ஸ்ட்ரிப் டப்பா, விரலில் குத்தும் ஊசிகள், பஞ்சு, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் எல்லாம் அதில் குடியேறின. குத்தி முடித்த ஊசிகளைப் போட மேஜைக்கடியில் ஒரு கெட்டியான கேன். தினமும் அவரேதான் குத்திப் பார்ப்பார். குத்தும்போது கண்ணை மூடிக்கொள்வதும் அவர்தான்.

ஊசி போடும் இன்சுலின் பேனாக்கள் முதலில் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில்தான் இருந்தன. சர்க்கரையும் சொன்ன பேச்சுக் கேட்டது. வெயில் காலம் தொடங்கியதும் கூலிங்காரருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து மூடினால் சூடு ஏறுமே! பேனாக்களை எடுத்து மேல்தட்டில், பின்சுவரை ஒட்டிப் பத்திரப்படுத்தினார். குளிர்த் திருகையும் கடைசிவரை திருப்பினார். குத்தும்போது அவளுக்குச் சில்லென்று இருக்கக் கூடாதென்று, எழுந்தவுடன் முதல் வேலையாகப் பேனாவை எடுத்து வெளியே வைத்துவிடுவார். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறத் தொடங்கியது. டாக்டர் சாப்பாட்டில் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். கூலிங்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் டாக்டருக்கே சங்கடமாகிவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலை நடந்தது. பிஸ்கட் டப்பா பரண் ஏறியது. குப்பைக்கூடையில் மிட்டாய்த் தாள் கிடக்கிறதா என்று கிளறிப் பார்த்தார். "எங்கிட்ட மறைக்காதே. என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார். முதலில் அவள் ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னாள். பிறகு கொஞ்சம் கோபப்பட்டாள். அப்புறம் பேச்சே குறைந்துபோய், தட்டில் சோறும் பாதியானது. குற்றமுள்ள நெஞ்சு என்று அவர் முடிவு கட்டினார். மனிதர் கெட்டவரில்லை, பயந்து போயிருந்தார். பயந்தவர் கையில் அன்பு அகப்பட்டால் இந்தப் பாடுதான்.

ஒருநாள் முற்பகல், தையற்கடை அக்கா கூப்பிட்டனுப்பினாள். அவள் ஃப்ரிட்ஜில் வெள்ளரிக்காய் கல்லாகிவிடுகிறதாம். கூலிங்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"பின்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீங்க அக்கா, உறைஞ்சு போயிடும். வெளியே எடுத்து வச்சா பழையபடிதான் தெரியும். ஆனா உள்ளே எல்லாம் செத்துப்போயிருக்கும்."

சொல்லி வாயை மூடவில்லை, தன் வீட்டு மேல்தட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஸ்பானரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

ஃப்ரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மருந்து அசையவில்லை. இன்னொன்றும் அப்படியே. ஒருமுறை உறைந்தால் உருகினாலும் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான் என்று மருந்துக் கடையில் சொல்லிவிட்டார்கள். புதுப் பேனா வாங்கிக்கொண்டு, டாக்டருக்கும் போன் செய்தார். பழைய அளவிலேயே தொடங்கி, அடிக்கடி சர்க்கரை பார்க்கச் சொன்னார் டாக்டர்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவருக்கு வார்த்தை தந்தியடித்தது. கதவுத் தட்டு, பின்சுவர், திருகு, பனிக்கட்டி என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார். தப்பு தன்னுடையதுதான் என்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

அவள் மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் எதுவும் தின்னலையா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே. தூக்கத்துல எந்திரிச்சுப் போய் எதையாவது தின்னுட்டு, காலையில மறந்துடறேனோன்னு நெனச்சுகிட்டிருந்தேங்க. கண்ணை மூடவே பயமா இருந்துச்சு."

கூலிங்காரர் தரையில் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன அந்த விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. நீ ஒண்ணுமே தின்னல," என்றார். அவள் தலையாட்டிய பிறகும் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.