முதல் வாய்த் தேன்

தேன் வெட்டிவிட்டு வரும் அப்பாவின் உடம்பில் பச்சை இலைப் புகையும் மெழுகும் கலந்த ஒரு மணம் இருக்கும், மூன்று தரம் முழுகினாலும் போகாது. லீவுக்கு வீட்டுக்குப் போய்வந்தால் அது என் சட்டையிலும் ஒட்டியிருக்குமோ என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என்னை நானே மோந்து பார்ப்பேன். நாங்கள் திருகோணமலைப் பக்கம், மூதூருக்குத் தெற்கே காட்டோரத்து வேடர். படிக்கவென்று என்னை ஊருக்குள் மாமி வீட்டில் விட்டிருந்தார்கள். மாமி அப்பாவின் தங்கைதான், ஆனால் கடைக்காரரைக் கட்டிய பிறகு பிறந்த வீட்டை வாயில் எடுப்பதில்லை.

"அப்பா ஆரெண்டு கேட்டா கப்பல்ல வேலை எண்டு சொல்லு புள்ள. தெரிஞ்சா பள்ளிக்கூடத்துத் தண்ணிப் பானையத் தொட உடமாட்டாங்க, என்னையும் சேர்த்துத்தான் தள்ளுவாங்க" என்பார்.

அது உண்மை. எங்கள் வகுப்பில் இரண்டு வேடப் பிள்ளைகள் கடைசியில், வெறும் நிலத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றுவார்கள். நான் முன்வாங்கில் பூமணிக்குப் பக்கத்தில் இருந்தேன். பூமணி "வேடப் பெட்டை" என்று சிரித்தால் நானும் சிரிப்பேன். பயத்தில் அவளைவிடப் பெரிதாகச் சிரிப்பேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது புதிதாக வந்த பெரிய வாத்தியார், இந்த மண்ணில் நமக்கு முன்னே இருந்த சனத்தைக் கூப்பிட்டு, ஒரே பாயில் இருந்து, ஒரே பானையில் தண்ணீர் குடிக்கப்போகிறோம் என்று அறிவித்தார். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்தச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வரப்போவது என் அப்பா அல்லவா!

அன்று அப்பா வெள்ளைவேட்டி கட்டி, சுரைக்குடுவை நிறையத் தேனோடு வந்தார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: தேனில் முதல் வாய் வெட்டினவனின் சொந்தப் பிள்ளைக்கு. வேறு யாரும் முந்தித் தொட்டால் அடுத்த வருடம் அந்தக் காட்டுக்குத் தேன்பூச்சி வராது. அப்பா இலையில் தேனை ஊற்றிக்கொண்டு அப்படியே நின்றார். சங்கதியைக் கேட்ட வாத்தியார், "உங்கட பிள்ளை இஞ்ச படிக்குதா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பூமணியின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன். பாவாடை நனைந்துவிட்டது.

"இல்ல ஐயா" என்றார் அப்பா.

உடனே பூமணி எழும்பி ஓடினாள். "எனக்குத் தாங்க, எனக்குத் தாங்க!"

அப்பா அவள் உயரத்துக்குக் குனிந்தார். பிறகு தேனை அவள் வாயில் வைத்து, "இந்தா மகள். இனி நீதான் என்ட புள்ள" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானையில் குடித்தார்கள். பெரிய காரியம்தான், குறை சொல்லமாட்டேன். மறுநாள் நான் போகவில்லை. என் எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றது. அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் பயம் தீர்ந்திருக்கும்.

இப்போது பாரிசில், லா சப்பலில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் உலகத்து ஆதிக்குடிகளுக்கு ஒரு நாள் வைத்தார்கள். அவுஸ்திரேலியச் சனத்தின் படங்களைத் தொங்கவிட்டிருந்த மெத்ரெஸ், அவளுடைய வகுப்பு ரீச்சர், உங்கள் வீடுகளில் அப்படி யாரும் உண்டா என்று கேட்டார். பக்கத்தில் மருமகளின் தாய் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அன்றைய பயம் அப்படியே வந்தது. எழும்பினேன். நாங்கள் வேடர், என் அப்பா தேன் வெட்டுகிறவர் என்று நான் தமிழில் சொல்ல, பேத்தி பிரெஞ்சில் சொன்னாள்.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார். "திருகோணமலை ரவுண் ஆக்கள் எண்டெல்லோ சொன்னனீங்கள்? கலியாணத்துக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மகளைத் தந்திருப்பீங்களா?"

அவர் மெத்ரோ ரயில் பக்கம் விறுவிறென்று போய்விட்டார். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. மருமகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் என்ன செய்வான் என்று தெரியாமல் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சண்டையில் போய்விட்டது. தேன் வெட்டுகிற ஆளும் இல்லை, அப்பாவைப் புதைத்த இடமும் தெரியாது. அன்று பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி ரோட்டைக் கடக்கும்போது பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அப்பாவின் பேர் என்ன என்று கேட்டாள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படியாகவே சொன்னேன்: வீரக்குட்டி.