ஒரே சப்நெட்டில் இரண்டு கார்ட்

கேபிள் போடும் ஒருவரை, அவர் வேலை பிழையென்று அறிக்கை எழுதி, கம்பனியிலிருந்து அனுப்பினேன். அறிக்கைதான் பிழையென்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

கொழும்பு பம்பலப்பிட்டியில் அந்தக் கம்பனியின் கணினிப் பிரிவுக்கு நான் தலைவன். சுவர் நிறையச் சான்றிதழ்கள். ஒரு லினக்ஸ் சேர்வரில் இரண்டு நெட்வேர்க் கார்ட் பூட்டி, இரண்டுக்கும் ஒரே சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் ஒரே பகுதியில், முகவரி கொடுத்தேன். வேகம் இரட்டிக்குமாம். மாட்டுக்கு இரண்டு வால் கட்டினால் பால் கூடுமென்று நம்பும் புத்தி. இரண்டாம் முகவரி ஒரு நேரம் வேலை செய்தது, மறுநேரம் செத்துக் கிடந்தது.

கேபிள் போட்டவர் வந்து பார்த்தார்.

"சேர், கேபிள்ல பிழையில்ல. ரெண்டு கார்டும் ஒரே சப்நெட்டில கிடக்கு, அதுதான் குழம்புது."

"நீர் வயரைப் பாரும். லினக்ஸை நான் பாக்கிறன்."

இரண்டாம் கார்டின் கேபிளைக் கழற்றினேன். கோளாறு நின்றது. போதாதா? கேபிள்தான் குற்றவாளி. அன்றே அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

வேறொருவர் புதுக் கேபிள் போட்டார். அதே கோளாறு. மறுபடி கழற்றி, கேபிளைக் கையில் பிடித்தபடி, பக்கத்துக் கணினியிலிருந்து இரண்டாம் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது! லினக்ஸில் முகவரி கார்டுக்கு அல்ல, முழு மெஷினுக்கும் சொந்தம். எந்தக் கார்டும் மற்றதற்காகக் குரல் கொடுக்கும்; முந்திக்கொண்ட கார்டுக்கே செய்தி வரும். இரண்டாம் கார்டுக்கு வந்தவற்றை, பதில் முதல் கார்டால் போக வேண்டியிருந்ததால், மெஷினே சந்தேகப்பட்டு எறிந்திருக்கிறது. கழற்றியதும் எல்லாம் முதல் கார்டுக்கே வந்தன. அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் பாதை அட்டவணையும் சில அமைப்புகளும் எழுதிச் சரிசெய்தேன். பாராட்டினார்கள். பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

ஓய்வுபெற்று ஏழு வருடம் கழித்து, துணிச்சல் தேவைப்படாத வயதில், கம்பனிக்கு உண்மையை எழுதினேன். "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று ஒரு வரி வந்தது. கடிதத்தின் பிரதியோடு, நான் அனுப்பிவிட்ட அந்தக் கேபிள்காரரின் வீட்டுக்கு, கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அவர் வாசிக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். "இவவுக்கு முன்னால சொல்லுங்கோ, சேர்."

சொன்னேன்.

"வீட்டில பல்ப் எரியாட்டியும் நான் இவரைத்தான் ஏசினனான், 'உங்கட வயர் வேலை தெரிஞ்சதுதானே' எண்டு," என்றார் அவர் மனைவி. பிறகு என்னிடம், "இவ்வளவு காலமும் எங்க இருந்தீங்க? வெளிநாட்டிலயா?"

"இதே கொழும்பிலதான், வெள்ளவத்தையில."

அவர் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை, கடிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். முடியும்வரை என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.