ஐவி ரீச்சரின் கச்சான் ஆசனங்கள்

ஐவிக்கு மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தம். அதற்கு வைத்தியம் தேடி மதராசுக்குப் போனவர், ஒரு மருந்துப் போத்தல்கூட இல்லாமல், யோகாசனம் படித்துக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பி வந்தார். கூடவே ஒரு பிடிவாதத்தையும் கொண்டுவந்தார். விடியற்காலையில் தொடங்க வேண்டும். நின்று செய்வது முதலில், இருந்து செய்வது பிறகு. கடைசியில் பிணம் மாதிரி நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அங்கே படிப்பித்தவர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அது. உலகமே புரண்டாலும் அது புரளக்கூடாதாம்!

டவுனில் தொடங்கிய வகுப்பு தொடங்கிய வேகத்திலேயே படுத்துவிட்டது. ஐவியோடு தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரச் சனம், "இது சைவக்காரரின்ர வேலை" என்று ஒதுங்கியது. சைவக்காரர், "வேதக்காரி வந்து எங்களுக்கு யோகாசனம் படிப்பிக்கிறதோ?" என்று சிரித்தார்கள். நல்ல நியாயம்! இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த மனிசியை நடுத்தெருவில் விட்டதுதான் மிச்சம்.

புருசன் பேணாட் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைக்கும்போல இருந்தது. ஐவிக்கோ கொழும்பு என்ற பேச்சே வேப்பங்காய். அங்கே போனால் கிளாக்கரின் பெண்சாதி என்ற பெயர்தான் மிஞ்சும். ரீச்சர் என்று கூப்பிட ஒரு சீவன் இருக்காது.

"நத்தார் வரைக்கும் பொறுங்கோ. யேசு பிறக்கிறதுக்குள்ள ஒரு வகுப்பு நிண்டு பிடிக்காட்டி, நானே பெட்டி கட்டுறன்" என்றார்.

"வாயால சொன்னது சொன்னதுதான், ஐவி" என்றார் பேணாட். மனிசன் நல்லவர்தான். ஆனால் கணக்கில் கறார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐவி சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனார். குனிந்து குனிந்து மீன் காயப்போட்டு இடுப்பு நாரி விட்டுப்போன பெண்கள் அங்கே நிறைய. விடியற்காலையில் கடற்கரையில் பாயை விரித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு காக்காய் குருவி வரவில்லை. கருவாட்டுக்காரி தங்கரத்தினம்தான் கூடையோடு ஓடுகிற ஓட்டத்தில் நின்று சொன்னாள்:

"ரீச்சர், இது கச்சான் காத்து வீசுற காலம், மீன் படுற காலம். வள்ளம் கரைக்கு வாற நேரம் எங்களுக்கு மூச்சு விடவே நேரமில்ல, நீங்கள் மூச்சை அடக்கச் சொல்லுறியள். மீனைக் காயப்போட்டிட்டு வாறம், இருங்கோ."

முதல் விட்டுக்கொடுப்பு அதுதான். மனமில்லாமல் வகுப்பை வெயில் ஏறிய பிறகு மாற்றினார் ஐவி. பெண்களும் வந்தார்கள். நின்றார்கள், வளைந்தார்கள், "ஐயோ அம்மாளாச்சி!" என்று கத்தினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, பிணம் மாதிரிக் கிடக்கிற கட்டம் வரும்வரை.

"கண்ணை மூடுங்கோ. என்ன நடந்தாலும் அசையப்படாது" என்றார் ஐவி.

மீன் காவலுக்கு நின்றவர்கள் எல்லாரும் பிணமாகிவிட்டால் காகங்கள் சும்மா இருக்குமா? ஊர்க் காகம் முழுக்கச் சூடை மீனில் வந்து குந்தியது. தங்கரத்தினம் ஒரு கண்ணைத் திறந்தாள். அவ்வளவுதான், செத்த சனமெல்லாம் எழும்பி ஓடியது! ஐவி மட்டும் ஒழுங்கு தவறாமல் அசையாது கிடந்தார். அவருடைய வயிற்றில் ஒரு காகம் மீன் துண்டைப் போட்டுவிட்டுப் போனது.

அடுத்த நாள் ஒருத்தியும் வரவில்லை. வருவார்களா? மீனைக் காகத்துக்குக் கொடுத்துவிட்டு உடம்பை வளைத்து என்ன செய்வது! ஐவி வீட்டுக் குசினியில் இருந்து அழுதார். அழுது முடிந்ததும் கோபம் வந்தது, அதுவும் மதராசு வாத்தியார்மேல். "அந்த மனிசன் வாழ்க்கையில ஒரு கருவாடு காயப்போட்டிருப்பாரோ?" என்று அடுப்பைக் கேட்டார்.

மறுநாள் ஒழுங்கையே தலைகீழாகப் புரட்டிவிட்டார். கச்சான் காலத்தில் படுக்கையே கிடையாது. மீன் விரித்த சாக்குகளைச் சுற்றி எல்லாரும் நிற்க வேண்டும். கை இரண்டையும் உயர்த்து, அகல விரி, மூச்சை 'ஹா' என்று வெளியே விடு! காகங்கள் தென்னையை விட்டு இறங்கவே இல்லை. நாரியும் நிமிர்ந்தது, கருவாடும் தப்பியது. வகுப்பு நிரம்பி வழிந்தது.

ஒரு ஞாயிறு பேணாட் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க ஏலாமல், "இது வகுப்பில்ல, ஐவி. காகம் கலைக்கிற சங்கம். வாடைக் காத்து தொடங்கட்டும், மீனும் இல்ல, காகமும் இல்ல. அப்ப ஆர் வருகினம் எண்டு பாப்பம்" என்றார்.

ஐவிக்குச் சுருக்கென்றது. மனிசன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லையே. கொழும்புக் கதை முழுவதையும் தங்கரத்தினத்திடம் சொல்லி ஆறினார்.

வாடையும் தொடங்கியது. கடல் கொந்தளித்தது, வள்ளங்கள் கரையேறின, மழை விடாமல் ஊற்றியது. நத்தாருக்கு முந்திய கிழமை, குடையைப் பிடித்துக்கொண்டு ஐவி கடைசித் தடவையாகச் சல்லிக்கு நடந்தார். பேணாட்டும் கூட வந்தார். வழி முழுக்க அவர் கொழும்பு வீடுகளைப் பற்றிக் கதைத்தார்.

கடற்கரையில் ஈ காக்காய் இல்லை. தங்கரத்தினத்தின் கொட்டில் கதவு மட்டும் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது. அதையாவது சாத்திவிட்டுப் போவோம் என்று கிட்டப் போன ஐவி, வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பாயோடு பாய் முட்ட எல்லாப் பெண்களும் நீட்டி நிமிர்ந்து கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒருத்தி குறட்டையும் விட்டாள். ஐவிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

தங்கரத்தினம் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏன் ரீச்சர் பிந்தினீங்கள்? ஐயா, நீங்கள் கொழும்புக்குப் போறதெண்டால் போங்கோ, ரீச்சரை விட்டிட்டுப் போங்கோ. இல்லாட்டி உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ, குளிருது."

பேணாட் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.