மேல் இறக்கை உட்கார்ந்த கதை

கடையில் கத்தரியைப் பிடித்தால் அவர் கை கல் மாதிரி நிற்கும். வீட்டில் அந்தப் பிளாஸ்டிக் விமானத்தின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அதே கை வெடவெடவென்று ஆடும். இத்தனை வருஷமாக முடி திருத்துகிறவருக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை விமானம் அது; பழைய காலத்து இரட்டை இறக்கை ரகம். நைந்துபோன பெட்டிக்குள் கடுகு கடுகாய்த் துண்டுகள். உடம்பு, வால், சக்கரம் எல்லாம் ஒருவழியாக ஒட்டியாயிற்று. மேல் இறக்கைதான் வம்பு பண்ணியது. கீழ் இறக்கையில் தீக்குச்சி போல நிற்கும் எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் மேல் இறக்கையின் குழிகளில் இறங்க வேண்டும். ஒன்று இறங்கினால் இன்னொன்று சாய்ந்துகொள்ளும். இரண்டு தடவை தவறியதில் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுகிற அந்தப் பசை கால்களின் நுனியைக் கரைத்துவிட்டது. இன்னொரு தடவை தவறினால் அவ்வளவுதான். இந்த மாதிரிப் பெட்டி இனி எங்கேயும் கிடைக்காது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அடுத்த தடவை வரும்போது விமானம் இந்தக் கண்ணாடி முன்னால நிக்கும், பாருங்க" என்று வேறு அளந்துவிட்டிருந்தார்.

மனைவி, பாவம், தன்னால் ஆனதைச் செய்தாள். டிவியை அணைத்தாள், மிக்சியைத் தொடவில்லை, கடவுளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். வீடு பரீட்சை அறை மாதிரி ஆனது. கை முன்னைவிட அதிகமாகத்தான் ஆடியது.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். "என்ன மாமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா? வீடே இப்படிக் கிடக்கு?"

"பேசாதே மாப்ள. கை ஆடுது."

"ஆடாம என்ன செய்யும்? ஒருத்தர் மீசையை ஒதுக்குறதுக்குள்ள ஊர்க்கதை பூரா பேசி முடிக்கிற ஆளு, இங்க ஊமையா உட்கார்ந்திருந்தா?"

மனைவிக்குச் சுருக்கென்று உறைத்தது. தம்பியை இழுத்து மேசைக்கு எதிரே உட்காரவைத்து, கழுத்தில் ஒரு துண்டையும் சுற்றினாள். "ஏங்க, இவன் தலையைப் பார்த்துக்கிட்டே பேசுங்க."

"இதுல பார்க்க என்ன இருக்கு? காலி மைதானம்" என்று ஆரம்பித்தார் அவர். "நேத்து ஒரு பஸ் டிரைவர் வந்தார் மாப்ள. நாற்காலியில சாஞ்சதும் தூங்கிட்டார். தூக்கத்துலயே ஹாரன் அடிக்கிறார்ங்கிறேன்!"

கதை ஓட ஓட, கை தன்பாட்டுக்கு இறக்கையைக் கொண்டுபோனது. எட்டுக் கால்களும் பூனை நடப்பது போலச் சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கின.

"மாமா, உட்கார்ந்திடுச்சு!"

அவர் வாய் சட்டென்று நின்றது. விரல் நுனியில் நடுக்கம் கிளம்பியது. பசையோ இன்னும் காயவில்லை.

"நிறுத்தாதீங்க!" என்று மனைவி பதறினாள். "அந்த டிரைவர் அப்புறம் என்ன பண்ணார்?"

"அவ்வளவுதான்டி கதை."

"இல்லைன்னா இட்டுக்கட்டிச் சொல்லுங்க. கடையில சொல்றதெல்லாம் நடந்ததா என்ன?"

கடவுள் புண்ணியம், அவர் கையை எடுத்தபோது இறக்கை இம்மியும் அசையவில்லை. அதற்குள் அந்த டிரைவர் தூக்கத்திலேயே பஸ்ஸைக் கடற்கரை வரைக்கும் ஓட்டிப்போய், பயணிகளோடு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டார்.