வாப்பாவின் சாரன்

எங்கள் மகனுக்கு அப்போது மூன்று மாதம். அவனுடைய வாப்பா, என் கணவர், கட்டாரில் வேலை. அவர் வாசம் பழகட்டும் என்று அவர் இடுப்பில் உடுத்திய பழைய சாரனைப் போர்த்தி, குப்புறப் போட்டே தூங்க வைப்பேன். அன்றும் அப்படிக் கிடத்திவிட்டு, பக்கத்தில் நடுப்பகல் தொழுகையான லுஹர் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மருத்துவமாது சாரனை இழுத்தெறிந்து பிள்ளையைத் தூக்குகிறார். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிர்த்தியதும் வீரிட்டு அழுதான்.

“சத்தமில்லாமத் தூங்குறானெண்டுதான், மிஸ்ஸி...”

“சுகமான புள்ளயே சிலநேரம் காரணம் தெரியாமத் தூக்கத்துல போயிரும், தங்கச்சி. மல்லாக்கப் போடுங்க. முகத்துக்கிட்ட துணி, தலகணி ஒண்டும் வேணாம்.”

அவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தத் தொழுகையில், நெற்றி நிலத்தில் வைத்த ஸுஜூதில், நான் கேட்டதே அவன் ஆயுளைத்தான். அந்நேரம் அவன் இரண்டு முழம் தள்ளி மூச்சுக்குத் தவித்திருக்கிறான்.

இப்போது அவனை மல்லாக்கக் கிடத்தி, முகத்தைப் பார்த்த பிறகுதான் தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டுகிறேன்.