மலைவீட்டு வாசலில் துரத்தப்பட்ட யோகன் அண்ணை

யோகன் அண்ணை போய்விட்டார். புதன்கிழமை காலை, பரமட்டா பஸ் ஸ்டாப்பில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

மியூசியம் வாட்ஸ்அப் குரூப்பில் மானேஜர் போட்ட மெசேஜ்: "வெரி சாட் நியூஸ். சனிக்கிழமை ஹாக்கர் வேஷம் போட யாராவது ஃப்ரீயா?" சிலர் தம்ஸ் அப் போட்டிருந்தார்கள். செத்ததற்கா, சனிக்கிழமைக்கா என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம், அந்தக் காலத்தில் மலையில் குடியேறிய வெள்ளைக்காரர் எப்படி வாழ்ந்தார்கள் என்று நடித்துக் காட்டும் மியூசியம் ஒன்றில் எங்கள் இருவருக்கும் வீக்கெண்ட் வேலை. நான் கஃபேயில் ஸ்கோன் விற்பேன். அண்ணை, துணி மூட்டை சுமந்து மலை ஏறிவரும் இந்திய வியாபாரி. அதைத்தான் ஹாக்கர் என்பார்கள்.

மரவீட்டின் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு வருவான். பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஆஃப் யூ கோ!" என்று கத்த வேண்டும்... அண்ணை மூட்டையோடு இறங்கிப் போக வேண்டும். டூரிஸ்ட் பஸ் வரும்போதெல்லாம் இதே நாடகம்.

விண்டரில் அங்கே குளிர் எலும்பைத் தின்னும். நெருப்பு வீட்டுக்குள்ளே, அண்ணை வெளியே, ஒற்றைப் பருத்திச் சட்டையோடு. உள்ளே இருக்கிற மாதிரி ஒரு வேஷம் தாருங்கள் என்று ஒருமுறை கேட்டார். ஹிஸ்டாரிக்கலாகச் சரிவராதாம். வீட்டுக்காரனாக நடித்த பொடியன் ஆன்லைனில் வாங்கிய தாடி மட்டும் சரிவந்தது.

ஆனால் கடைசியில் "உங்கள் பாஷையில் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள்" என்று மானேஜர் விட்டிருந்தார். அந்த ஒரு நிமிஷம்தான் அண்ணையின் சொத்து.

கைகூப்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்வார்: "கழிச்சல்ல போவியள்! உங்கட அடுப்பில பூனை படுக்க! உங்கட மாடெல்லாம் மலடாய்ப் போக!"

ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு "பியூட்டிஃபுல் பிரேயர்" என்றாள். நான் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

பிறகு கெல்லிவில் அங்கிள் வந்தார். எங்கள் ஆள்தான், கெல்லிவில் பக்கம் வீடு. விழா என்றால் மேடையில் முதல் கதிரை அவருக்கு. ஆபீஸ் வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணை சொன்னது என்ன என்று அவர்கள் கேட்க, அங்கிளின் முகம் கறுத்துவிட்டது. "ஹீ இஸ் பிளெஸிங் அஸ்" என்றார்.

திங்கட்கிழமை மானேஜருக்கு ஈமெயில். எங்கள் சமூகத்துக்கே வெட்கக்கேடாம். கீழே மொழிபெயர்ப்பு, பூனையைக்கூட விடாமல். சனியன். என் ஃப்ரெண்ட் லிஸ்டிலும் இருக்கிறார், இந்தப் போஸ்டை வாசிக்கட்டும்.

அதற்குப் பிறகு அண்ணை வாயே திறக்கக் கூடாது என்று மானேஜரின் ஓடர். கும்பிட வேண்டும், போக வேண்டும். ஒருநாள் ஒரு சின்னது அவருடைய மூட்டையை உதைத்தது. தாய் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றாள். அண்ணை அந்தப் பிள்ளையையும் கும்பிட்டார்.

"விட்டுத் துலையுங்கோ அண்ணை இந்த வேலையை" என்றேன்.

"விட்டுப்போட்டு? ரூமில கிடந்து சுவரைப் பாக்கிறதோ? இங்கயெண்டால் பஸ் நிறையச் சனம் என்னைப் பாக்க வருது, பிள்ளை."

துரத்தத்தான் வருகுது என்று வாய்வரை வந்தது. அவருக்குத் தெரியாததா?

மெல்ல மெல்ல எங்களோடு கதைப்பதும் குறைந்துவிட்டது. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

நேற்று வியூவிங், உடலைப் பெட்டியில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அண்ணைக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை, ரூம்மேட்தான் முன்னால் நின்றான். மானேஜர் வரவில்லை. கெல்லிவில் அங்கிள் வந்தார்... எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சார்பிலாம். வெள்ளை வேட்டி, பெரிய மாலை. பெட்டிக்கு முன்னால் நின்று என் கையைப் பிடித்தார்.

"தங்கமான மனுசன், பிள்ளை. ஒருத்தரையும் ஒரு சொல் அதிர்ந்து கதைச்சறியாதவர்."

அண்ணை... கேட்டுக்கொண்டுதானே கிடந்தீர்கள். எழும்பி ஒன்று சொல்லியிருக்கலாம்.