அடியில் மணல் ஒட்டிய பீங்கான்

அருளப்பு மாஸ்டர் செத்துப்போனார் என்று பள்ளிக்கூடப் பியோன் வந்து சொன்னபோது, என் வாயில் வந்த முதல் கேள்வி, "அவர்ட கண்ணாடி அலுமாரி பூட்டியா கிடக்கு?" அவன் திகைத்துப் போனான். நீங்களெல்லாம் அவரைப் பழம்பொருள் காத்த பெரியவர் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். பல வருடம் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான், எனக்கு மனம் வரவில்லை.

சீனத்து நீலப்பூப் பீங்கான் என்றால் அந்த மனுசனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "முகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க ரீச்சர். கவிழ்த்துப் பாருங்க. பழசெண்டா அடி வளையத்தில சூளை மணல் ஒட்டிக் கிடக்கும்," என்பார்.

களுதாவளையில் எங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தது. வீட்டோடு சேர்ந்து தாயிடமிருந்து மகளுக்கு வருவது. புது நெல் வந்தால் முதற்சோறு அதில்தான். சண்டைக்குப் பயந்து ஊரே வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்கு ஓடுவதற்கு முதல் நாள், "என்னட்டத் தாங்க, பத்திரமா வைக்கிறன்," என்று மாஸ்டர் வாங்கிப் போனார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரும்பி வந்து கேட்டோம். "ஷெல் விழுந்த அதிர்ச்சியில உடைஞ்சிற்று," என்று ஒரு பொட்டலம் தந்தார். அம்மா துண்டுகளை மடியில் போட்டு அழுதாள். நான் அடித்துண்டைத் தடவிப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. கடைப் பீங்கான்! எனக்குச் சொல்லித் தந்ததைத் தானே மறந்துபோனார் பாவி.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்பீர்கள். என் தம்பியை அப்போது ஆமி பிடித்துக் காம்பில் வைத்திருந்தது. சிங்களம் பேசிக் காம்ப் வாசல்வரை எங்களோடு வந்தவர் அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டேன். தம்பி வந்தான், அந்த நன்றியை மறுக்கமாட்டேன். அதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசிப் புதுச்சோற்றை அலுமினியத் தட்டில் வைத்துக்கொண்டு, "என்ட மகளுக்குக் குடுக்க ஒண்டுமில்லாமப் போயிற்றே," என்றாள். பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டும் விட்டேன். "என்னையா ரீச்சர் சந்தேகப்படுறீங்க?" என்று கண் கலங்கினார். என்ன நடிப்பு!

ஊரடங்குக்கு முன் அடக்கம் முடிய வேண்டுமென்று செத்த வீட்டில் அவசரப்பட்டார்கள். நான் நேரே அலுமாரியைத் திறந்தேன். நடுத்தட்டில் எங்கள் பீங்கான். கவிழ்த்தேன். மணல் விரலில் கீறியது.

"கொண்டு போங்க ரீச்சர்," என்றார் அவர் மனைவி. "குடுத்திருங்க எண்டு எத்தின தரம் சொன்னன்! இன்னும் கொஞ்ச நாள் பார்த்திட்டுக் குடுக்கிறன் எண்டுதான் சொல்லுவார். ஒரு பிடி சோறு அதில போட்டதில்ல."

அன்றே அதில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மன்னிக்கச் சொல்லாதீர்கள். அவரால் எனக்கு மிஞ்சியது, எந்தப் பீங்கானையும் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம். அந்தப் பொய்த் துண்டுகளும் இருக்கின்றன. உண்மையென்று நம்பி அம்மா தன் சேலைத் துணியில் முடிந்து வைத்தவை. அந்த முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.